நிலப்பட வல்லுநர் ஜேம்ஸ் ரென்னல்

ஒரு நாட்டை ஆள விழைவோர் முதலில் அதனை அளக்க விழைவர். இவ்வுண்மைக்கு ஜேம்ஸ் ரென்னலின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் சட்லி என்னும் ஊரருகே 1742ஆம் ஆண்டு அவர் பிறந்தார். படைத்தலைவராக விளங்கிய தந்தையைக் குழந்தைப் பருவத்திலேயே போரில் இழந்தார். 1756இல் சிறுவராகக் கடற்படையில் சேர்ந்து, கடற்கரைகளையும் துறைமுகங்களையும் அளக்கக் கற்றார். 1764இல் கிழக்கிந்தியக் கம்பெனி, கங்கையாற்றின் போக்கை அளக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. 1766இல் வடவங்க எல்லையில் நிகழ்ந்த மோதலில் கடும் வாள்வெட்டுகளுக்கு ஆளானார். உயிர் பிழைத்தாரேனும் ஒரு கை முன்னைய வலிமையை மீண்டும் பெறவில்லை. ஆயினும் பணியைக் கைவிட்டாரில்லை. 1767இல், தம் 24ஆம் அகவையில், வங்கத்தின் தலைமை நில அளவையாளர் ஆனார்.

1777இல் பணி ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய பின்னர், 1779இல் வங்க நிலப்படத் தொகுதியையும் 1782இல் இந்துஸ்தான் நிலப்படத்தையும் வெளியிட்டார். அப்படத்தின் மூலையில் அழகிய ஓவியம் ஒன்று அணிசெய்கிறது: பண்டிதர்கள் தம் மறைநூல்களைப் பிரித்தானிய அன்னையிடம் ஒப்படைக்கின்றனர். நாடே விரும்பித் தன்னைக் கையளித்தது போன்ற தோற்றம்! உண்மையில் வரி தண்டுவதற்கும் படை நடத்துவதற்கும் கம்பெனிக்கு அப்படங்கள் தேவைப்பட்டன.

அவ்வோவியம் மறைத்ததை ரென்னலின் விளக்கநூல் மறைக்கவில்லை என்பது அவர்தம் பெருமை. பேரரசர் அக்பரின் மாகாணப் பிரிவுகளை அபுல் ஃபஸலின் ஆயினே அக்பரியைத் தழுவியே அவர் அமைத்தார். தக்காணத்து வழிகளைக் கண்டறிந்து உதவிய சிப்பாய் அதிகாரி குலாம் முகம்மதுவையும், குஜராத் நிலப்படம் அளித்த அந்தணர் சதானந்தரையும் பெயர் சுட்டி நினைவுகூர்ந்தார்.

தெற்கே திருவிதாங்கூர் மலைநாட்டை விரிவாக அளக்கும் பணி, வார்டு, கான்னர் ஆகிய இருவரால் 1816 முதல் 1820 வரை நடைபெற்றது. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் நோக்கி ஏறுவோர் நன்கறிவர்: மலைவழியை முதலில் அறிந்தவை அங்கு வாழ்வோரின் கால்களே, அளவுகோல் பின்னரே வந்தது.

1830இல் தம் 87ஆம் அகவையில் மறைந்த ரென்னல், இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். பழைய நிலப்படங்களின் எழிலை வியக்கும் மாணவச் செல்வங்கள், அவற்றை வரையச் செய்தவர் யாவர், வழி காட்டியவர் யாவர் எனவும் வினவுதல் வேண்டும். அவ்வினாவே வரலாற்றுக் கல்வியின் தொடக்கமாகும்.