சி. ஆர். சுப்பராமன்: இருபத்தெட்டு ஆண்டுகளில் ஓர் இசைவாழ்வு

ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. அத்தகைய தெருவொன்றில் 'தேவதாஸ்' படப் பாடல்களை இரு வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டார் அவற்றைத் தெலுங்குப் பாடல்கள் என்பர். அடுத்த வீட்டார் தமிழ்ப் பாடல்கள் என்று வழக்காடுவர். இருவர் கூற்றும் மெய்யே. பாடியவர் கண்டசாலா என்பதை இரு வீட்டுச் சிறுவரும் அறிவர். மெட்டமைத்தவர் யார் என வினவினால்தான் சற்றே மௌனம் நிலவும். அம்மௌனத்துக்குரியவர் சிந்தாமணி இராமசுப்பராமன் என்னும் சி. ஆர். சுப்பராமன்.

1924ஆம் ஆண்டு நெல்லைச் சீமையின் சிந்தாமணி என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். ஊர்ப்பெயரே அவர் பெயரின் முதலெழுத்தாயிற்று. பதினாறு வயதளவில் சென்னை எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனத்தில் ஆர்மோனியக் கலைஞராகச் சேர்ந்து, அங்கே இசைக்குழுவை நடத்திய சின்னையாவுக்கு உதவியாளரானார். பியானோவிலும் அவர் வல்லவர்.

இசைத்தட்டு நிறுவனத்தில் ஆர்மோனியம் வாசிப்பது இன்று நாம் நினைப்பதுபோல் எளிய பணியன்று. அக்காலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். கச்சேரி மேடையில் அரைமணி நேரம் விரித்துப் பழகிய வித்துவானுடைய பாட்டை அந்த மூன்று நிமிடத்துள் அடக்க வேண்டும். எவ்வடியை நிறுத்துவது, எச்சங்கதியை விடுவது, வயலின் எங்கே நுழைவது, புல்லாங்குழல் எங்கே ஒதுங்குவது என்பனவற்றையெல்லாம் பதிவுக்கு முன்னரே முடிவு செய்தாக வேண்டும். குறட்பா எழுதுவோர் அறியும் இடர் அது. சுப்பராமனுடைய திரைப்பாடல்களில் ஒரு வாத்தியமும் வீணே ஒலிப்பதில்லை. அந்தச் சிக்கனத்தை அவர் இப்பட்டறையில்தான் கற்றார் என்பது என் துணிபு.

1943இல் வந்த 'செஞ்சுலட்சுமி' வழியாகத் திரைக்கு வந்தார். ஜூபிடர் நிறுவனத்தின் 'அபிமன்யு', 'மோகினி', 'வேலைக்காரி' ஆகிய படங்களில் எஸ். எம். சுப்பையா நாயுடுவுடன் இணைந்து பணியாற்றினார். இவ்விருவர் இசையில் 1949இல் வெளிவந்த 'கன்னியின் காதலி'யில்தான் கண்ணதாசன் முதன்முதலாகத் திரைப்பாடல் எழுதினார் என்பது நம் வட்டத்துக் கவிஞர்கள் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி. அதே ஆண்டில் அண்ணா எழுதிய 'நல்லதம்பி'க்குத் தமிழிலும், பானுமதியின் பரணி நிறுவனத்து 'லைலா மஜ்னு'வுக்குத் தெலுங்கிலும் இசையமைத்தார். நாட்டுப்புற மெட்டும் கருநாடக ராகமும் இலத்தீன் அமெரிக்கத் தாளமும் அவரிடம் ஒரே குழுவில் ஒலித்தன. மேல்நாட்டுத் தாளத்தைத் தமிழ்த் திரைக்குக் கொணர்ந்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர். அதற்காக அவரைக் குறைகூறுவோர் 'மணமகள்' படத்தை ஒருமுறை கேட்டல் நலம்.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் தயாரித்து இயக்கி, கலைஞர் உரையாடல் எழுதிய 'மணமகள்' 1951இல் வெளிவந்தது. பாரதியின் 'கண்ணம்மா, என் குழந்தை' அதில் ராகமாலிகையாக ஒலித்தது; பாடியோர் எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும். பாரதி பாடல்களின் உரிமை 1949இல்தான் அரசுடைமையாயிற்று. சுப்பராமன் அப்பாட்டைத் தொட்டவிதம் எண்ணிப் பார்க்கத்தக்கது. உணர்வு மாறுமிடத்தில் ராகம் மாறுகிறது. சொல் எங்கும் சிதையவில்லை. அம்மெட்டு கச்சேரி மேடையேறி இன்றுவரை இறங்கவில்லை. வகுப்பில் அக்கவிதையை நான் வெறும் செய்யுளாகப் படிக்கத் தொடங்கினால், மாணவியர் மெட்டோடு முணுமுணுக்கிறார்கள். பாடம் நடத்துவோருக்கு அது இடையூறுதான்; ஆயினும் நான் தடுப்பதில்லை.

அவர் குழுவில் வயலின் வாசித்தவர் டி. கே. இராமமூர்த்தி. ஆர்மோனியத்தில் அமர்ந்தவர் எம். எஸ். விசுவநாதன், கோவையில் சுப்பையா நாயுடுவிடம் எடுபிடியாக இருந்து, ஜூபிடர் நிறுவனம் சென்னைக்குப் பெயர்ந்தபோது வந்து சேர்ந்தவர். கண்டசாலாவும் சுப்பராமனிடம் உதவியாளராக இருந்தவரே. ஆசானுக்கு அப்போது அகவை இருபத்தைந்தை ஒட்டியே இருந்தது. இராமமூர்த்தியோ ஆசானைவிட இரண்டாண்டு மூத்தவர்.

சம்பளத்துக்கு இசையமைத்ததோடு சுப்பராமன் நின்றாரில்லை. டி. எல். நாராயணா, வேதாந்தம் ராகவையா, கவிஞர் சமுத்திராலா ஆகியோருடன் கூடி விநோதா பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். முதற்படம் 1951இல் வந்த 'ஸ்திரீ சாகசம்'. அடுத்து, சரத்சந்திரரின் 'தேவதாஸ்' நாவலைத் தெலுங்கிலும் தமிழிலும் எடுப்பதென முடிவாயிற்று. குடித்தே மாயும் நாயகனை யார் விரும்புவர் என்ற ஐயம் எழ, அம்முயற்சி தள்ளிவைக்கப்பட்டது. இடையில் எடுத்த 'சாந்தி' தோல்வியுற்றது. அதன் பின்னர் நாராயணா மீண்டும் துணிந்து 'தேவதாஸை'க் கையிலெடுத்தார்.

மெட்டுக்குப் பாட்டெழுதுவதை நம் கவிஞருட் பலர் இழிவாகவே கருதுகின்றனர். 'தேவதாஸி'ல் ஒரே மெட்டின்மேல் இரு மொழிகள் ஏறின. தெலுங்குச் சொல் உயிரொலியில் முடியும் இயல்பினது, நீட்டுதற்கு எளிது. தமிழ்ச்சொல்லோ மெய்யெழுத்தில் வந்து முட்டி நிற்கும். அம்முட்டு கேட்பவர் செவிக்குத் தட்டாதவாறு மெட்டில் இடம்விட்டு வைத்திருக்கிறார் சுப்பராமன். இரு வீட்டாரும் உரிமை கொண்டாடுவதற்குக் காரணம் அதுவே.

ஆனால் அப்படத்தை அவர் காணவில்லை. 1952 ஜூன் 27இல், இருபத்தெட்டு வயதில் மறைந்தார். அப்போது அவர் கையில் 'தேவதாஸ்', பானுமதி மும்மொழிகளில் எடுத்துவந்த 'சண்டிராணி', 'மருமகள்' ஆகியவை முடியாமல் இருந்தன. ஒரு கவிஞர் இறந்தால் முற்றுப்பெறாத ஏடு அப்படியே அச்சேறலாம். திரைக்கு அந்தச் சலுகை இல்லை. முதலீடு காத்திராது, நடிகர்தம் நாட்கள் காத்திரா. விசுவநாதனும் இராமமூர்த்தியும் எஞ்சிய பணியை ஏற்றனர். 'தேவதாஸி'ன் சில பாடல்களும் பின்னணி இசையும் அவர்கள் கைவண்ணம். எது ஆசானுடையது, எது மாணவருடையது எனச் செவியால் பிரிக்கப் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். அவர்கள் விரும்பியதும் அதுவாகவே இருத்தல் வேண்டும்.

அதே ஆண்டில் கலைவாணர் தாம் இயக்கிய 'பணம்' படத்துக்கு இவ்விருவரையும் அழைத்து, இருவர் பெயரையும் ஒன்றாக்கி, விசுவநாதன் - இராமமூர்த்தி எனச் சூட்டினார். அந்த இணைப்பெயர் 1965 வரை தமிழ்த்திரையை ஆண்டது.

தெலுங்குத் 'தேவதாஸ்' 1953 ஜூன் 26இல் வெளியாயிற்று. மறுநாள் சுப்பராமனின் முதலாண்டு நினைவுநாள். தமிழ்ப்படம் செப்டம்பரில் வந்தது. இரு மொழியிலும் இசை என்ற சொல்லுக்கு எதிரே நிற்பது அவர் பெயர்தான்.