அணில் பொம்மையும் ஜான் மார்ஷலும்

போடிமெட்டு மலையில் மரம் விட்டு மரம் தாவுகிற மலை அணிலைப் பார்த்திருப்பீங்க. வீட்டு முற்றத்துக்கு வர்ற சின்ன அணிலும் தெரியும். 4000 வருஷத்துக்கு முந்தைய அணிலைப் பார்த்ததுண்டா? மொகஞ்சதாரோ மண்ணுக்குள் இருந்து கிடைத்தது. விரல் நுனி அளவுதான். வாலைத் தூக்கிக்கிட்டு, முன்னங்கால் ரெண்டையும் வாய்கிட்ட வச்சு எதையோ கொறிக்குது!

இது களிமண் பொம்மை இல்லை. வெங்கச்சங்கல்லை மாவாக அரைத்து, சாம்பல் உப்பும் கொஞ்சம் செம்பும் சேர்த்துச் சுட்டால் மேலே நீலப்பச்சைப் பளபளப்பு வரும். இதற்கு ஃபையன்ஸ் என்று பெயர். எகிப்துக்காரர்கள் இதே வித்தையில் நீல நீர்யானை செய்து கல்லறையில் வைத்தார்கள். சிந்துவெளிக்காரர்கள் அணில், குரங்கு, ஆடு என்று கண்ணால் பார்த்ததைச் செய்தார்கள். எனக்கு நம்ம அணில்தான் ஒசத்தி.

இந்த நாகரிகத்தை உலகத்துக்குச் சொன்னவர் சர் ஜான் மார்ஷல். 1876 மார்ச் 19-ல் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். கிரீட் தீவில் அகழாய்வு பழகினார். 1902-ல் இந்தியத் தொல்லியல் துறைக்கே தலைவராக வந்தபோது வயது 25, 26 தான் இருக்கும். சாஞ்சி ஸ்தூபியைச் சீர்செய்தார். தட்சசீலத்தில் 20 வருஷத்துக்கு மேல் தோண்டினார்.

ஆனால் ஒன்று சொல்லணும். 1921-ல் ஹரப்பாவைத் தோண்டியவர் தயாராம் சாஹ்னி. 1922-ல் மொகஞ்சதாரோவைத் தோண்டியவர் ராக்கல்தாஸ் பானர்ஜி. வெயிலில் நின்றது அவங்க, பேர் வாங்கினது மார்ஷல் என்று சிலர் குறை சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கு. இருந்தாலும் தூரத்தில் உள்ள ரெண்டு ஊரிலும் கிடைத்த முத்திரைகளைப் பக்கத்துல பக்கத்துல வைத்து, இது ஒரே நாகரிகம் என்று 1924 செப்டம்பர் 20-ல் லண்டன் பத்திரிகையில் எழுதியது அவர்தான். அதுவரை அசோகர், புத்தர் காலத்தோடு நின்ற நம்ம நாட்டு அகழாய்வு வரலாறு, ஒரே நாளில் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பின்னால் போனது.

1931-ல் மூன்று பெரிய தொகுதிகளாகப் புத்தகம் கொண்டுவந்தார். பெரிய குளம், செங்கல் வீடு, சாக்கடை எல்லாம் அதில் உண்டு. இந்தச் சின்ன பொம்மைகளையும் விடவில்லை. அங்கே பேசியது திராவிட மொழியாக இருக்கலாம் என்றும் அதில் எழுதினார். அந்த எழுத்தை இன்றுவரை யாரும் எல்லோரும் ஏற்கும்படி படித்துக் காட்டவில்லை.

மார்ஷல் 1958 ஆகஸ்ட் 17-ல் இங்கிலாந்தில் காலமானார். 2025 ஜனவரியில் சென்னையில் அவருக்குச் சிலை வைக்க முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார்.