கற்களில் காலத்தைப் படித்தவர்

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், சில ஊர்களில் பிள்ளையார் அருகே வழவழப்பான சிறு கற்களை வைத்து மக்கள் வணங்குவதைக் காணலாம். இரும்பை அறியாத காலத்து மனிதர் தேய்த்துச் செய்த கற்கோடரிகள் அவை. இப்படிப்பட்ட கற்களைத் தேடியே வாழ்நாளைச் செலவிட்டவர் இராபர்ட் புரூஸ் ஃபூட்.

1834ல் இங்கிலாந்தில் பிறந்த இவர், 1858ல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். அதே ஆண்டில்தான் டார்வின், வாலஸ் இருவரின் பரிணாமக் கருத்துகள் இலண்டனில் வாசிக்கப்பட்டன. உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாகச் சிறுகச் சிறுக மாறி வந்தன என்றால், அதற்கு மிக நீண்ட காலம் வேண்டும். உலகுக்கு ஏறத்தாழ ஆறாயிரம் வயதுதான் என்று அன்றைய கிறிஸ்தவர் பலர் நம்பியிருந்தனர்.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில், சரளை தோண்டிய குழி ஒன்றில் ஃபூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதக் கை செதுக்கிய கல் அது. அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு இத்தகைய கற்கள் பிரான்சில் கிடைத்திருந்ததை அவர் அறிவார். அதே ஆண்டில் வில்லியம் கிங் என்பவருடன் அத்திரம்பாக்கத்திலும் தேடினார். மண் அடுக்குகளுக்கு உள்ளேயே கருவிகள் புதைந்து கிடந்தன. அப்படியானால், அந்த மண் படிவதற்கு முன்பே அவற்றைச் செய்தவர்கள் வாழ்ந்திருக்க வேண்டும்!

ஃபூட்டின் மாமனார் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் உதவியோடு விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் போதகர். மாமனார் இறைவார்த்தைக்கு உழைத்தார். மருமகன் கற்களைப் படித்தார். ஒரே குடும்பத்தில் இரண்டுக்கும் இடம் இருந்தது.

1884ல் கர்நூல் குகைகளையும் ஃபூட் ஆராய்ந்தார். கொல்லிமலைக்கு வடக்கே உள்ள ஏற்காட்டில் வீடு அமைத்துக்கொண்டார். அவர் சேர்த்த கருவிகள் 1904ல் சென்னை அருங்காட்சியகத்தின் வசம் வந்தன. 1912ல் கல்கத்தாவில் இறந்தார். அவருடைய அஸ்தி ஏற்காடு தூய திரித்துவ ஆலயத்தில் உள்ளது.

அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் வயது என 2011ல் அறிவியலார் அறிவித்தனர். நம் மனித இனமோ தோன்றி ஏறக்குறைய 3 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. ஆக, அவற்றைச் செதுக்கியவை நமக்கும் முந்தைய மனித இனத்தின் கைகள்!

இதைக் கேட்டு நாம் அஞ்ச வேண்டுமா? மனித உடலின் தோற்றத்தைப் பரிணாம நோக்கில் ஆராயத் தடையில்லை, ஆன்மாவோ இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுவது என்று 1950ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தெளிவுபடுத்தினார். பரிணாமம் வெறும் ஊகம் அல்ல என்பதை 1996ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஏற்றுக்கொண்டார். தொடக்கநூல், படைத்தவர் யார் என்றும் எதற்காகப் படைத்தார் என்றும் நமக்குச் சொல்கிறது. எவ்வளவு காலத்தில், எவ்வழியில் என்பதைக் கற்கள் சொல்லட்டுமே.

பள்ளியில் பரிணாமம் படித்துவிட்டு வந்து, ஆதாம் ஏவாள் கதை பொய்யா என்று நம் பிள்ளை கேட்கும்போது என்ன செய்கிறோம்? வாயை அடைத்தால், அந்தக் கேள்வியோடு அவன் ஆலயத்தை விட்டே போய்விடக்கூடும். அருகில் அமர்த்திப் பேசினால், படைப்பின் பெருமையை அவனோடு சேர்ந்து நாமும் வியக்கலாம். சிந்திப்போம்.