வத்திராயிருப்பு தந்த விஞ்ஞானி

பென்சிலைச் சீவும் மாணவன் அதனுள்ளிருக்கும் கருநிறப் பொருளைக் காரீயம் என்று கூறி, அதற்கப்பால் எண்ணுவதில்லை. தில்லையடியில் வாழும் எம் இளைஞரும் இதற்கு விலக்கல்லர். போகல, கஹட்டகஹ முதலிய சுரங்கங்களில் நம் நாட்டார் அகழ்ந்தெடுக்கும் இக்காரீயத்தைக் கிராபைட்டு என்பர். ஆலையிலே மிகத் தூயதாகச் செய்யப்பட்ட கிராபைட்டு, அணு உலைகள் சிலவற்றினுள் செங்கல்லைப்போல் அடுக்கப்படுவதுமுண்டு. ஆங்கு கதிர்களால் அதற்கு நேரும் சிதைவை அறியும் வழிகளுள் ஒன்று, தமிழர் ஒருவரின் இளமைக்கால உழைப்போடு தொடர்புடையது. அவரே சேர் கே. எஸ். கிருஷ்ணன்.

அவர் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் தேதி, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊராகிய வத்திராயிருப்பிலே பிறந்தார். சிறீவில்லிபுத்தூர் இந்துப் பாடசாலையிலும், பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். நம்மைப்போல் இந்துப் பாடசாலை மாணவராயிருந்தவர் என்பதை இம்மலரில் குறித்தல் தகும். 1923இல் கல்கத்தா சென்று, இராமனின் கீழ் ஆராய்ச்சியில் ஈடுபட்டார்.

1928ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இருவரும் திரவங்களினூடே சூரிய ஒளியைச் செலுத்தி ஆராய்ந்தனர். சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி தன் நிறம் மாறி வருதலைக் கண்டனர். மூலக்கூறுகளின் அதிர்வே அம்மாற்றத்திற்குக் காரணம். ஆகவே சிதறிய ஒளியை ஆராய்ந்தால், பொருளின் உள்ளமைப்பை அதனைத் தொடாமலே அறியலாம். இச்செய்தியை உலகுக்கு அறிவித்த முதற் கடிதத்தில் இருவர் கையொப்பமும் இருந்தது. 1930இல் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது; விளைவும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பல ஆண்டுகளாக அவ்வழியில் முயன்றவர் இராமன் என்பது மெய்யே. ஆயினும் கிருஷ்ணனின் பெயரை நாமேனும் உடன் கூறுதல் கடனாகும்.

பின்னர் டாக்காவிலும், 1933 முதல் மீண்டும் கல்கத்தாவிலும் பளிங்குகளின் காந்த இயல்பை ஆராய்ந்தார். கிராபைட்டில் கரியணுக்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டுள்ளன. ஏட்டின் வழியே மின்னோட்டம் எளிதிற் செல்லும். ஏடுகளுக்குக் குறுக்கே செல்ல அதற்குப் பல்லாயிரம் மடங்கு தடையுண்டு. இதனைக் கிருஷ்ணனும் கங்குலியும் 1939இல் வெளியிட்டனர். 1940இல் இலண்டன் இராயல் சங்க உறுப்புரிமையும், 1946இல் சேர் பட்டமும் வந்தெய்தின. 1947இல் டில்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநரானார். மறு ஆண்டு இந்திய அணுசக்திக் குழுவின் மூன்று உறுப்பினருள் ஒருவரானார்.

அவர் காலத்திலேயே கிராபைட்டின் கேடு உலகறிந்த செய்தியாயிற்று. நியூத்திரன் மோதும்போது கரியணு தன் இடம்விட்டு உதைத்தெறியப்படும். இவ்விதமாக உள்ளே ஆற்றல் தேங்கும் என்பதை விக்னர் முன்னரே உணர்ந்திருந்தார். இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலையில் அவ்வாற்றலை வெளியேற்றச் சூடேற்றியபோது, 1957ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆந் தேதி உள்ளே தீப்பற்றியிருத்தல் தெரியவந்தது.

உலையில் பல ஆண்டுகளில் நேரும் சிதைவை, ஆர்முடுக்கியிலிருந்து வரும் அயன் கற்றை சில மணி நேரத்தில் உண்டாக்கவல்லது. ஒவ்வோரணுவும் எத்தனை முறை இடம்பெயர்ந்தது என்பதே அச்சிதைவின் அளவுகோல். இம்முறையில் குறையுமுண்டு. கற்றை மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு ஆழமே ஊடுருவும். விரைவில் நேர்ந்த சிதைவு மெல்ல நேர்ந்ததை முற்றும் ஒத்ததுமன்று. கல்பாக்கத்திலே விரைவு உலைக்குரிய உருக்கை நிக்கல் அயன்களால் தாக்கி, மூடப்பட்ட பகுதியைவிடத் திறந்த பகுதி எவ்வளவு உயர்ந்தெழுந்தது என்று அளந்து, அதன் வீக்கத்தைக் கணித்துள்ளனர். கிராபைட்டுக்கு ஒளியே போதும். ஒழுங்கான பளிங்கின் இராமன் நிறமாலையில் 1580 என்னும் அலையெண்ணருகே ஒரு கோடு தோன்றும். ஒழுங்கு குலைந்தால் 1350 அருகே மற்றொன்று எழும். கற்றையால் அடிபட்ட மேற்பரப்பில் அவ்விரண்டையும் ஒப்பிட்டுச் சிதைவை மதிப்பிடுவர்.

அந்த இரண்டாங் கோட்டின் பொருளை ஆராய்ச்சியாளர் விளக்கியது 1970இல். கிருஷ்ணன் 1961 ஜூன் மாதத்திலேயே காலமாகிவிட்டார்.