முதலாம் ஆபிரகாம் டார்பி

முதலாம் ஆபிரகாம் டார்பி (அண்ணளவாக 1678 – 1717) இங்கிலாந்தைச் சேர்ந்த இரும்பு வார்ப்பாளர் ஆவார். மரக்கரிக்குப் பதிலாகக் கற்கரியைக் கொண்டு ஊதுலையில் இரும்பு உருக்குவதை நிலையான தொழிலாக்கியவர் இவரே. சுரோப்சயரில் உள்ள கோல்புரூக்டேல் என்னும் பள்ளத்தாக்கில் 1709இல் இவர் தொடங்கிய வார்ப்புத் தொழில் 2017 வரை நீடித்தது. இவருடைய மகனும் பேரனும் இதே பெயரைக் கொண்டு இதே தொழிலைச் செய்தவர்கள். ஆதலால் மூவரையும் பிரித்தறிய எண்ணடை சேர்ப்பது வழக்கம்.

இளமை

டட்லி நகருக்கு அருகில், குவேக்கர் எனப்படும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் குவேக்கர்களுக்குப் பல்கலைக்கழகக் கல்வியும் அரசுப் பதவிகளும் மறுக்கப்பட்டிருந்தன. எனவே அவர்களுள் பலர் தொழிலிலும் வணிகத்திலும் ஈடுபட்டனர். பயிற்சி, கடன், கூட்டு வணிகம் ஆகியவற்றுக்குத் தம் பிரிவினரையே நாடினர். டார்பியின் வாழ்க்கையும் இவ்வாறே அமைந்தது.

பர்மிங்காமில் மால்ட் எனும் முளைதானியத்தை அரைக்கும் ஆலைகளைச் செய்பவர் ஒருவரிடம் தொழில் பயின்றார். நிலக்கரிப் புகை பட்டால் முளைதானியத்தின் சுவை கெடும் என்பதால், அதை உலர்த்தக் கற்கரி பயன்படுத்தப்பட்டு வந்தது. பின்னாளில் அவருக்குக் கைகொடுத்த எரிபொருளை அவர் இங்கேயே அறிந்திருக்கக்கூடும்.

பிரிஸ்டலும் பானைகளும்

1699இல் திருமணம் செய்துகொண்டு பிரிஸ்டலில் குடியேறினார். 1702 அளவில் கூட்டாளிகளுடன் பித்தளைத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். எளிய மக்களுக்குப் பித்தளைப் பாத்திரம் விலை மிகுந்தது. இரும்புப் பானையோ தடித்துக் கனமாக இருந்தது. மெல்லிய சுவருடைய இரும்புப் பானையை மலிவாக வார்ப்பதே டார்பியின் நோக்கமாயிற்று. முதல் முயற்சிகள் தோல்வியுற்றன. அவரிடம் வேலை செய்த ஜான் தாமஸ் என்ற வேல்ஸ் இளைஞர் துணைநின்றார். இரகசியம் வெளியேறாதிருக்கச் சாவித் துளையையும் அடைத்துக்கொண்டு இருவரும் வேலை செய்ததாகக் கூறப்படுகிறது. களிமண் இல்லாமல் மணலில் மட்டுமே பானை வார்க்கும் முறைக்கு 1707இல் காப்புரிமை கிடைத்தது.

கோல்புரூக்டேல்

1708இல், பாழடைந்து கிடந்த பழைய ஊதுலை ஒன்றைக் கோல்புரூக்டேலில் குத்தகைக்கு எடுத்தார். இரும்புத்தாதும் நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் அருகிலேயே கிடைத்தன. ஊதுலையின் துருத்திகளை இயக்க ஓடை நீர் இருந்தது. வார்த்த பொருள்களைப் படகில் ஏற்றிப் பிரிஸ்டலுக்கு அனுப்பச் செவர்ன் ஆறு பயன்பட்டது.

நிலக்கரியை நேரடியாக இட்டு உருக்கினால் அதிலுள்ள கந்தகம் இரும்பில் கலந்து அதை நொறுங்கச் செய்யும். நிலக்கரியைக் காற்றுக் குறைவாகச் சுட்டுக் கற்கரியாக்கினால் கந்தகத்தில் ஒரு பகுதி நீங்கும். இவருக்கு முன்பும் பலர் இதனை முயன்றுள்ளனர். ஆனால் கோல்புரூக்டேல் நிலக்கரியில் இயல்பாகவே கந்தகம் குறைவு. டார்பியின் வெற்றியில் நிலத்தின் பங்கும் பெரிது எனலாம். 1709 சனவரியில் ஊதுலை மூட்டப்பட்டது. கற்கரிக்கான நிலக்கரிச் செலவு அவ்வாண்டுக் கணக்கேட்டிலேயே காணப்படுகிறது.

கற்கரி இரும்பில் சிலிக்கான் மிகுதி. உருகிய நிலையில் அது நீர்த்து ஓடி, அச்சின் மெல்லிய இடைவெளிகளையும் நிரப்பியது. பானை வார்ப்புக்கு இதுவே தேவை. ஆனால் அதே சிலிக்கானால் இவ்விரும்பைத் தேனிரும்பாக மாற்றுவது கடினமாகவும் செலவு மிக்கதாகவும் இருந்தது. அன்றைய இரும்புத் தேவையில் பெரும்பகுதி தேனிரும்பே ஆதலால், பிற உலைக்காரர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் மரக்கரியையே பயன்படுத்தி வந்தனர். டார்பி இம்முறைக்குக் காப்புரிமை கோரவில்லை என்பது கருதத்தக்கது. அவர் காத்துக்கொண்டது பானை வார்ப்பை மட்டுமே.

மறைவும் அதன் பின்னும்

1717இல், வயது நாற்பதைத் தொடும் காலத்தில், உயில் எழுதாமலேயே காலமானார். மனைவி மேரியும் அடுத்து மறைந்தார். தொழிலின் பங்குகள் கடனுக்கு ஈடாகப் பிரிஸ்டல் வணிகர் தாமஸ் கோல்ட்னியிடம் இருந்தன. மூத்த மகன் ஆபிரகாமுக்கு அப்போது ஆறு வயது. தொழில் குடும்பத்தின் கையைவிட்டு முற்றிலும் போகும் நிலை ஏற்பட்டது. மேரியின் உடன்பிறந்தார் பிள்ளைகளுக்காகச் சில பங்குகளை மீட்டார். மருமகன் ரிச்சர்டு ஃபோர்டு நிர்வாகத்தை ஏற்றார்.

பின்னர் அங்கு நியூகோமன் நீராவி எந்திரங்களுக்கான உருளைகள் வார்க்கப்பட்டன. 1750களில் இரண்டாம் ஆபிரகாம், தேனிரும்பாக்கத் தகுந்த கற்கரி இரும்பை உற்பத்தி செய்தார். அதன் பின்னரே இம்முறை நாடெங்கும் பரவியது. மூன்றாம் ஆபிரகாம் 1779இல் செவர்ன் ஆற்றின் மேல் வார்ப்பிரும்புப் பாலத்தை நிறுவினார். அதன் கடன் சுமை அவர் வாழ்நாள் முழுதும் தீரவில்லை.

பழைய ஊதுலை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அணைந்தாலும் வார்ப்படச்சாலை தொடர்ந்து நடந்தது. 1959இல் அவ்வுலை பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. 1986இல் அப்பகுதி யுனெசுகோ உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. இறுதிக் காலத்தில் சமையல் அடுப்புகளுக்கான பாகங்களை வார்த்து வந்த வார்ப்படச்சாலை 2017 நவம்பரில் மூடப்பட்டது.