குழந்தைகளைச் சாவிலிருந்து மீட்ட டாக்டர் பேண்டிங்

சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குழந்தைக்கு நீரிழிவு வந்துவிட்டால், அந்த வீட்டில் அழுகை தொடங்கிவிடும். காரணம், அதற்கு மருந்து கிடையாது. பெரிய பெரிய டாக்டர்களும் கையை விரித்துவிடுவார்கள்.

அவர்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழிதான். அது பட்டினி! சாப்பாட்டைக் குறைத்தால் ரத்தத்தில் சர்க்கரை குறையும். குழந்தை இன்னும் சில மாதம் உயிரோடு இருக்கும். பெற்ற தாயே பிள்ளைக்குச் சோறு போடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளை எலும்பும் தோலுமாகி, கடைசியில் கண்ணை மூடிவிடும்.

இந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியவர் கனடா நாட்டு டாக்டர் ஒருவர். அவர் பெயர் பிரெடரிக் பேண்டிங்.

விவசாயி மகன்

பேண்டிங் 1891-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி பிறந்தார். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் அலிஸ்டன் என்ற சிற்றூருக்கு அருகே அவருடைய தந்தைக்குப் பண்ணை இருந்தது. வீட்டில் 5 பிள்ளைகள். பேண்டிங்தான் கடைக்குட்டி.

படிப்பில் அவர் புலி அல்ல. டொரான்டோ பல்கலைக்கழகத்தில் முதலில் கலைப் படிப்பில் சேர்ந்தார். முதல் ஆண்டுத் தேர்விலேயே தோல்வி! ஆனாலும் அவர் மனம் தளரவில்லை. 1912-ல் மருத்துவப் படிப்புக்கு மாறினார்.

அப்போது முதலாவது உலகப்போர் வந்தது. பேண்டிங் ராணுவ டாக்டராகப் பிரான்சுக்குப் போனார். 1918-ல் கேம்பிரே போர்முனையில் குண்டுச் சிதறல் அவருடைய கையைத் துளைத்தது. ரத்தம் வழியும் கையோடு அவர் மற்ற வீரர்களின் காயங்களுக்குக் கட்டுப் போட்டார். இந்த வீரத்துக்காக அவருக்கு ராணுவப் பதக்கம் கிடைத்தது.

ஒரு மாத வருமானம் 4 டாலர்

போர் முடிந்து ஊர் திரும்பிய பேண்டிங், 1920-ல் லண்டன் என்ற ஊரில் வைத்தியசாலை திறந்தார். (இது இங்கிலாந்து லண்டன் அல்ல. கனடாவிலும் ஒரு லண்டன் இருக்கிறது.)

வாசலைப் பார்த்தபடி நாள் முழுக்கக் காத்திருந்தார். நோயாளிகள் வரவில்லை. முதல் மாத வருமானம் வெறும் 4 டாலர்! வயிற்றுப் பாட்டுக்காக அங்கிருந்த மருத்துவக் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனார்.

அந்த வேலைதான் உலகத்துக்கே நன்மையாக முடிந்தது.

1920 அக்டோபர் 30-ந் தேதி இரவு. பாடத்துக்காகக் கணையத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றை அவர் படித்தார். படுத்தார்; தூக்கம் வரவில்லை. நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. எழுந்து அதைக் குறித்து வைத்தார்.

கணையத்தின் இரகசியம்

அந்த யோசனையைப் புரிந்துகொள்ள நம் உடம்புக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

நாம் சாப்பிடும் சோறும் ரொட்டியும் வயிற்றுக்குள் போனபின் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. ரத்தத்திலிருந்து அந்தச் சர்க்கரை உடம்பின் அணுக்களுக்குள் போக வேண்டும். அப்போதுதான் நமக்குத் தெம்பு. ஆனால் அணுவின் கதவு தானாகத் திறக்காது. அதற்குச் சாவி வேண்டும்.

அந்தச் சாவிதான் இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் என்ற உறுப்பு அதைச் சுரக்கிறது. இப்படி உடம்பின் ஓரிடத்தில் சுரந்து, ரத்தத்தில் கலந்து, வேறோர் இடத்தில் வேலை செய்யும் பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர்.

இன்சுலின் இல்லாவிட்டால் என்ன ஆகும்? சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கும், சிறுநீரோடு வெளியேறும். அந்தச் சிறுநீரில் எறும்பு மொய்க்கும். உடம்போ பட்டினி கிடக்கும். களஞ்சியம் நிறைய நெல் இருந்தும், பூட்டைத் திறக்க முடியாமல் பசியால் வாடும் குடும்பத்தின் கதைதான்!

கணையத்தை எடுத்துவிட்டால் நாய்க்கு நீரிழிவு வரும் என்பதை ஜெர்மனியில் 1889-லேயே கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் கணையத்திலிருந்து அந்தச் சத்தைப் பிரித்து மருந்தாக்கப் பலர் முயன்றும் வெற்றி கிட்டவில்லை. கணையம் ஜீரண நீரையும் சுரக்கிறது. அந்த நீர் சத்தை அழித்துவிடுகிறது என்று பேண்டிங் நினைத்தார். கணையத்தின் குழாயைக் கட்டிவிட்டால் ஜீரண நீர் சுரக்கும் பகுதி வாடிப்போகும். பிறகு சத்தை எடுத்துவிடலாம். இதுதான் 2 மணிக்குப் பிறந்த யோசனை.

நாய் பிழைத்தது!

டொரான்டோ பல்கலைக்கழகத்தில் மெக்லியாட் என்ற பேராசிரியரிடம் பேண்டிங் போனார். ஆராய்ச்சி அனுபவம் இல்லாத இந்த வாலிபரிடம் பேராசிரியருக்கு அவ்வளவாக நம்பிக்கை ஏற்படவில்லை. இருந்தாலும் கோடை விடுமுறைக்கு ஓர் ஆராய்ச்சி அறையும், சில நாய்களும், உதவிக்கு ஒரு மாணவரும் கொடுத்தார். அந்த மாணவர் சார்லஸ் பெஸ்ட். அவரும் இன்னொரு மாணவரும் காசு சுண்டிப் பார்த்ததில் பெஸ்டுக்கு அந்த வேலை விழுந்தது!

1921 மே மாதம் ஆராய்ச்சி தொடங்கியது. பேண்டிங்குக்குச் சம்பளம் கிடையாது. அறையில் வெக்கை தாங்க முடியவில்லை. நாய்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. நண்பர்கள் இருவரும் விடவில்லை.

ஜூலை 30-ந் தேதி, நீரிழிவால் வாடிய ஒரு நாய்க்குக் கணையச் சாற்றை ஊசி மூலம் ஏற்றினார்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது! பிறகு மார்ஜரி என்ற நாய், கணையமே இல்லாமல், இந்தச் சாற்றின் உதவியால் சுமார் 70 நாள் உயிர் வாழ்ந்தது.

பின்னால் பார்த்தபோது குழாயைக் கட்ட வேண்டிய தேவையே இல்லை என்று தெரிந்தது. கசாப்புக் கூடத்திலிருந்து வாங்கிய மாட்டுக் கணையத்திலிருந்தே மருந்து எடுக்க முடிந்தது. யோசனை முழுவதும் சரியல்ல. ஆனால் அது சரியான இடத்துக்கு வழி காட்டிவிட்டது.

சிறுவன் லெனார்டு

டொரான்டோ பொது மருத்துவமனையில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் கிடந்தான். எடை 65 ராத்தல். அதாவது 30 கிலோகூட இல்லை. சாவு நெருங்கிக்கொண்டிருந்தது.

1922 ஜனவரி 11-ந் தேதி அவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். பலன் இல்லை. மருந்தில் அழுக்கு இருந்ததால் ஊசி போட்ட இடத்தில் சீழ் வைத்தது. எல்லோருக்கும் ஏமாற்றம்.

அப்போது கைகொடுத்தவர் காலிப் என்ற ரசாயன நிபுணர். அவர் இரவு பகலாக உழைத்து மருந்தைச் சுத்தப்படுத்தினார். 12 நாள் கழித்து, ஜனவரி 23-ந் தேதி மறுபடியும் ஊசி. மறுநாளைக்குள் ரத்தச் சர்க்கரை 520-லிருந்து 120-க்கு இறங்கியது. சிறுவன் எழுந்து உட்கார்ந்தான்!

அமெரிக்க மந்திரி ஹியூஸ் என்பவரின் மகள் எலிசபெத், பட்டினி வைத்தியத்தால் 20 கிலோ எடைக்கு இளைத்துப்போயிருந்தாள். 1922 ஆகஸ்டில் அவளை பேண்டிங்கிடம் கொண்டுவந்தார்கள். அவள் பிழைத்தாள், படித்தாள், மணம் முடித்து 3 பிள்ளைகளுக்குத் தாயானாள். 1981-ல்தான் காலமானாள். அப்போது வயது 73.

ஒரு டாலர் போதும்

பேண்டிங் நினைத்திருந்தால் கோடீஸ்வரர் ஆகியிருக்கலாம். ஆனால் மருந்தின் உரிமைப் பத்திரத்தில் தம் பெயரைச் சேர்க்கவே அவர் முதலில் மறுத்தார். உயிர் காக்கும் மருந்தை வைத்து வைத்தியன் லாபம் தேடுவது தவறு என்பது அவர் எண்ணம். கடைசியில் பேண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு ஒரு டாலர் மட்டும் பெற்றுக்கொண்டு, உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அவரிடமும் குறை உண்டு. அவர் முன்கோபி. 1923-ல் அவருக்கும் மெக்லியாடுக்கும் சேர்த்து நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தம்மோடு பாடுபட்ட பெஸ்டை விட்டுவிட்டார்களே என்ற ஆத்திரம்! தம் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். மெக்லியாடும் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார். மெக்லியாடின் வழிகாட்டுதலை பேண்டிங் மதிக்கத் தவறினார் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். எப்படியோ, நால்வரில் ஒருவர் இல்லாவிட்டாலும் காரியம் இவ்வளவு விரைவில் முடிந்திராது.

பனிக்காட்டில் முடிவு

இரண்டாவது உலகப்போரின்போது, மருத்துவ ஆராய்ச்சி வேலையாக பேண்டிங் இங்கிலாந்துக்கு விமானத்தில் புறப்பட்டார். நியூபவுண்ட்லாந்தில் விமானம் விழுந்து நொறுங்கியது. 1941 பிப்ரவரி 21-ந் தேதி அவர் உயிர் நீத்தார். வயது 49தான்.

இன்சுலின் நீரிழிவைக் குணப்படுத்துவதில்லை, கட்டுப்படுத்துகிறது. நீரிழிவு உள்ள எல்லோருக்கும் ஊசி தேவைப்படாது. ஆனால் இன்சுலின் சுரக்காத குழந்தைக்கு அதுதான் உயிர். டாக்டரைக் கேட்காமல் அதை ஒருபோதும் நிறுத்தக்கூடாது.

பேண்டிங் பிறந்த நவம்பர் 14-ந் தேதியை உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடுகிறார்கள். இன்று நீரிழிவு வந்த குழந்தைகள் ஊசி போட்டுக்கொண்டு, சோறு சாப்பிட்டு, பள்ளிக்கூடம் போகிறார்கள். தாய்மார்கள் தங்கள் கையாலேயே சோறு பிசைந்து ஊட்டுகிறார்கள். அந்த டாக்டருக்கு இதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் வேறு வேண்டுமா?