சிங்கப்பூர் நாராயண பிள்ளை சரித்திரம்

கடல் கடந்து சென்ற முன்னோரின் வழிமரபை ஆராயப் புகும் நம்மவர், சிங்கப்பூர் நாராயண பிள்ளையின் சரித்திரத்தை அறிந்திருத்தல் நலம். பிள்ளை என்னும் பட்டம் ஒன்றையே பற்றிக்கொண்டு அவரை எம் முன்னோர் என உரிமை பாராட்டுதல் தகாது. அப்பட்டம் பல வகுப்பாருக்கும் உரியது. ஆதலின் உறவு கொண்டாடாமலே அவர் வரலாற்றைச் சொல்லுகிறோம்.

பினாங்கில் ஆங்கிலக் கம்பெனியாரிடம் உத்தியோகம் பார்த்துவந்த அவர், 1819ஆம் வருஷம் மே மாதத்தில் ராபிள்ஸ் துரையுடன் கப்பலேறிச் சிங்கப்பூர் சேர்ந்தார். அத்தீவில் கம்பெனியாரின் கொடி ஏறி அப்போது நான்கு மாதங்கூட நிறையவில்லை. வீடு கட்டுவோர் மிகுவதைக் கண்டு, பினாங்கிலிருந்து கொத்தரையும் தச்சரையும் வருவித்துத் தஞ்சோங் பகாரில் செங்கற் சூளை வைத்தார். அந்நகரின் முதற் கட்டட ஒப்பந்தக்காரர் என்னும் பெயர் அவருக்கு இதனால் வாய்த்தது. பின்னர் ஜவுளி வியாபாரத்திலும் இறங்கினார்.

1822இல் அக்கடை தீக்கிரையாயிற்று. சரக்கு கடனுக்கு வாங்கியது. கடையோடு கடனும் எரிந்துபோகுமோ? மற்றொருவராயின் அடுத்த கப்பலில் திரும்பியிருப்பார். இவரோ ராபிள்ஸ் துரையிடம் தம் நிலையைத் தெரிவித்து, வர்த்தகச் சதுக்கத்தில் இடம் பெற்று, மறுபடியும் கடை திறந்து தலையெடுத்தார். தமிழருக்குள் எழும் வழக்குகளைத் தீர்த்துவைக்கும் அதிகாரமும் அவர்க்கு அளிக்கப்பட்டது.

கோயிலுக்கு நிலம் கிடைத்த கதை அதனினும் நெடிது. தெலுக் ஆயரில் முதலிற் கிடைத்த மனையில் பூசைக்கு வேண்டிய நன்னீர் இல்லை. 1821இல் கிடைத்த வேறோர் இடம் நகரமைப்புத் திட்டத்தால் கைவிட்டுப் போயிற்று. 1823இல்தான் சௌத் பிரிட்ஜ் வீதியில் நிலம் நிலைத்தது. 1827இல் மாரியம்மன் கோயில் எழுந்தது. புதிதாய்க் கப்பலிறங்கிய ஏழைகள், வேலையும் வீடும் கிடைக்குமளவும் அங்கே தங்கினர். இந்துக்களின் விவாகங்களை நடத்திவைக்கும் அதிகாரமும் ஒருகாலத்தில் அக்கோயிலுக்கே இருந்தது. பாட்டனார் சிங்கப்பூரில் மணம் முடித்தார் என்னும் ஒரு செய்தியே கைவசமுள்ள குடும்பத்தார், விசாரணையை அங்கிருந்து தொடங்கலாம்.

ஊராருக்கெல்லாம் செங்கல் அறுத்துக் கொடுத்தவர் அம்மனுக்கு முதலில் எடுத்த ஆலயம் மரத்தாலும் ஓலையாலும் ஆயது. இன்றுள்ள செங்கற் கட்டடத்தின் மிகப் பழைய பகுதி 1843ஆம் வருஷத்தது.